எழுதிக் குடுத்தேனேம்மா

எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் பி.ஆர்.ஓ. என்றால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். பில்லில் ஏதாவது குறைத்துப் போடுவார்களா என்று கேட்கப் போகிற அறை அது. காப்பீட்டு அட்டையில் பெயர் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருந்தால் போய் நிற்கிற மேசை. 2015-இல் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் கோஆர்டினேட்டராகச் சேர்ந்த முதல் வாரம், "பி.ஆர்.ஓ. ஃபாரம் எல்லாம் இனிமே உன் பொறுப்பு" என்று சீனியர் அக்கா சொன்னபோது நானும் அந்த அறையைத்தான் நினைத்தேன். இதற்கா எம்.எஸ்சி. படித்தோம் என்று ஒரு நாள் முழுக்க மனசு சுணங்கிக் கிடந்தது.

அக்கா சொன்னது வேறு பி.ஆர்.ஓ. 'பேஷன்ட் ரிப்போர்ட்டட் அவுட்கம்', அதாவது சிகிச்சை என்ன செய்தது என்று நோயாளியே சொல்வது. கட்டி சுருங்கியதா என்று ஸ்கேன் சொல்லிவிடும். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று லேப் சொல்லிவிடும். படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறதா, ராத்திரி தூக்கம் உண்டா என்பதையெல்லாம் அந்த உடம்புக்குச் சொந்தக்காரர்தான் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அமைப்பான எஃப்.டி.ஏ. 2009 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதன் வரையறை கறாராக இருக்கும்: தகவல் நோயாளியிடமிருந்து நேராக வர வேண்டும், டாக்டரோ வேறு யாருமோ இடையில் புகுந்து பொருள் சொல்லக் கூடாது.

அந்த 'வேறு யாரும்' என்பதற்குள் மகனும் மருமகளும் கோஆர்டினேட்டரும் அடக்கம். இது எனக்குப் புரிந்தது ஒரு பெரியவரால்.

திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமம், விவசாயி, நுரையீரலில் புற்று, எங்கள் ஆய்வு ஒன்றில் இருந்தவர். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோவுக்கு வருவார், மகன் பைக்கில் பஸ் ஸ்டாண்ட் வரை கொண்டுவந்து, அங்கிருந்து பஸ்ஸில் கூட்டி வருவான். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே ஃபாரத்தை நிரப்பிவிட வேண்டும் என்பது விதி. டாக்டர் "கட்டி சுருங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டால் அந்த வாரத்து வலிகூடக் குறைந்துபோகும், மனுஷ மனசு அப்படி. ஆகவே ஓ.பி. வராந்தாவில், மின்விசிறிக்குக் கீழே ஒரு பெஞ்சைப் பிடித்து உட்காருவோம்.

நாங்கள் பயன்படுத்தியது கியூ.எல்.கியூ.-சி30 என்ற கேள்வித்தாள். ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஈ.ஓ.ஆர்.டி.சி. உருவாக்கி 1993-இல் வெளியிட்டது. தமிழ் வடிவமும் உண்டு. 30 கேள்விகள். பெரும்பாலான கேள்விகள் கடந்த ஒரு வாரத்தைப் பற்றியவை. 28 கேள்விகளுக்கு விடை நான்கில் ஒன்று: இல்லவே இல்லை, கொஞ்சம், கணிசமாக, மிக அதிகமாக. கடைசி இரண்டுக்கு மட்டும் 1 முதல் 7 வரை. முதல் கேள்வியே கனமான பையையோ பெட்டியையோ தூக்குவது போன்ற கடினமான வேலைகளைச் செய்யச் சிரமமா என்பதுதான். பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பொட்டியா? நான் எந்த ஊருக்கும்மா போறேன் பொட்டி தூக்க?"

அவர் கண்ணாடி கொண்டு வந்திருக்கவில்லை. நான் வாசித்தேன். வலி இருந்ததா என்று கேட்டதும் மகன் முந்திக்கொண்டான்: "அப்பாவுக்கு வலியெல்லாம் இல்லீங்க மேடம், நல்லாத்தான் இருக்காரு." பெரியவர் மகனைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "பரவாயில்லம்மா" என்றார்.

பரவாயில்லை. இதை நான்கில் எந்தக் கட்டத்தில் போடுவது? நம் ஊரில் 'பரவாயில்லை' என்றால் நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தம், தாங்கிக்கொள்கிறேன் என்றும் அர்த்தம், உன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் அர்த்தம். அன்றைக்கு நான் 'கொஞ்சம்' என்பதில் டிக் போட்டேன். அது அவர் விடையில்லை, என் விடை. ஃபாரத்தின் மேல்பக்கத்தில் 'நிரப்பியவர்: நோயாளி' என்று எழுதியிருந்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அடுத்த முறையிலிருந்து மகனை மருந்துக் கவுண்டருக்கு அனுப்பிவிட்டு, ஒரு வாசிப்புக் கண்ணாடி வாங்கி டிராயரில் வைத்து, பெரியவரையே டிக் போடச் சொன்னேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். விரலை வரிக்குக் கீழே ஓட்டி, உதட்டை அசைத்து வாசிப்பார். அரை மணி நேரம் ஆகும்.

மூன்றாவது முறை வந்தபோது வலிக்கு நேராக நான்காவது கட்டத்தில் அழுத்தி டிக் போட்டிருந்தார். பேனா மறுபக்கம் தெரியுமளவுக்கு. பக்கத்தில், ஓரத்து வெள்ளையில், 'ராத்திரிதான் ஜாஸ்தி' என்று எழுதியிருந்தார். நான் ஃபாரத்தை வாங்கினேன், 30 கேள்விக்கும் டிக் இருக்கிறதா என்று எண்ணினேன், தேதி போட்டேன், கவரில் வைத்தேன், ஃபைலில் சேர்த்தேன். டாக்டர் அறையில் அவர் "பரவாயில்லீங்க ஐயா" என்றார். டாக்டரின் கேஸ் ஷீட்டில் 'பெயின்: மைல்டு' என்று ஏறியது.

அதற்கடுத்த முறை வரும்போது பெரியவரால் நிமிர்ந்து உட்காரவே முடியவில்லை. "போன தடவையே சொல்லியிருக்கலாமே ஐயா" என்றேன். அவர் குரலில் கோபமே இல்லை.

"அதான் எழுதிக் குடுத்தேனேம்மா. டாக்டர் பாத்திருப்பாருன்னு இருந்தேன்."

நோயாளி எழுதிக் கொடுத்ததைச் சிகிச்சை நடக்கும்போதே யாராவது பார்க்க வேண்டுமா, பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ப்ரோட்டோகாலில், அதாவது ஆய்வை எப்படி நடத்துவது என்று எழுதி வைத்த திட்டத்தில், ஒரு வரி இல்லை. கன்சென்ட் ஃபாரத்திலும் இல்லை. அந்தத் தாள் எங்கள் கணக்குக்கு டேட்டா. அவர் கணக்குக்கு அது டாக்டருக்கு எழுதிய கடிதம்.

இந்த இடத்தில்தான் எனக்கு வழிகாட்டு நெறிகள் மேல் அக்கறை பிறந்தது. அதுவரை அவையெல்லாம் ஜர்னலுக்கு அனுப்பும்போது பக்க எண் நிரப்பிக் கொடுக்கிற செக்லிஸ்ட்தான். 2018-இல் வந்த ஸ்பிரிட்-பி.ஆர்.ஓ. என்ற நெறி, ஆய்வு தொடங்கும் முன்பே ப்ரோட்டோகாலில் எழுத வேண்டியவற்றை 16 குறிப்புகளில் சொல்கிறது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் மெலனி கால்வர்ட் தலைமையில் உருவானது. அதில் ஒரு குறிப்பு அப்படியே என் வராந்தாவைப் பார்த்து எழுதினதுபோல இருக்கும்: நோயாளி தரும் தகவலை ஆய்வு நடக்கும்போதே அவர் சிகிச்சைக்காகப் பார்ப்பீர்களா மாட்டீர்களா என்று எழுது, பார்ப்பதானால் எப்படி என்று எழுது, இதை நோயாளிக்கு எப்படிப் புரியவைப்பாய் என்றும் எழுது. பார்க்க மாட்டோம் என்றால்கூடப் பெரிய தப்பில்லை. 'இதை டாக்டர் பார்க்க மாட்டார், வலி இருந்தால் அவரிடம் நேரில் சொல்லுங்கள்' என்று ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியம் இருந்திருந்தால் பெரியவர் மூன்று வாரம் முன்னாலேயே மார்ஃபின் மாத்திரை சாப்பிட்டிருப்பார்.

டாக்டரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. காலை ஓ.பி.யில் ஒருவருக்கு எத்தனை நிமிஷம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். தவிர, இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. இத்தாலிய ஆய்வாளர்கள் மூன்று சிகிச்சைச் சோதனைகளில் இருந்த 1,090 நோயாளிகளின் விடைகளையும் அவர்களுடைய டாக்டர்களின் பதிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். பசியின்மை, குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, முடி உதிர்தல் ஆகிய ஆறு தொந்தரவுகள். நோயாளி 'இருக்கிறது' என்று சொன்னவற்றில் டாக்டரின் பதிவில் ஏறாமல் விட்டுப்போனது, தொந்தரவைப் பொறுத்து 40.7 முதல் 74.4 சதவீதம். 'மிக அதிகம்' என்று நோயாளி சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டாலும் 13 முதல் 50 சதவீதம் வரை ஏறவில்லை. முடி உதிர்வது கண்ணுக்கு முன்னால் தெரிகிற விஷயம். அந்தப் பட்டியலில் அதுவும் இருக்கிறது.

ஆய்வு முடிந்து கட்டுரை எழுதும்போது என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு கான்சார்ட்-பி.ஆர்.ஓ. என்று இன்னொன்று உண்டு, அது 2013 பிப்ரவரியில் 'ஜாமா' என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. சோதனை முடிவுகளை எழுதுவதற்கான பொது நெறியான கான்சார்ட் 1996 முதலே இருக்கிறது. அதன் மேல் பி.ஆர்.ஓ.வுக்கென்று ஐந்தே ஐந்து குறிப்புகளைச் சேர்த்தார்கள். சுருக்கத்திலேயே, இது ஆய்வின் முதன்மை விளைவா துணை விளைவா என்று சொல். எந்த அம்சத்தில் மாற்றத்தை எதிர்பார்த்தாய் என்று சொல். கேள்வித்தாள் நம்பத்தக்கது என்பதற்கு என்ன சான்று, எப்படி நிரப்பி வாங்கினாய் என்று சொல். காலியாக விட்டுப்போன விடைகளைக் கணக்கில் எப்படிக் கையாண்டாய் என்று சொல். இதன் வரம்புகளையும், யாருக்கெல்லாம் பொருந்தும் என்பதையும் சொல். அவ்வளவுதான். படித்தால் இதென்ன பெரிய விஷயம், யாருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றும்.

இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள். சி30-இன் 30 கேள்விகளைச் சேர்த்துப் பிரித்தால் 15 மதிப்பெண்கள் வரும். நான்கு முறை நிரப்பினால், மருந்து கொடுத்த குழுவையும் கொடுக்காத குழுவையும் 60 இடங்களில் ஒப்பிடலாம். மருந்து ஒன்றுமே செய்யாவிட்டாலும், நூற்றுக்கு ஐந்து முறை தற்செயலாக ஏமாறலாம் என்று ஒப்புக்கொள்கிற 5 சதவீத அளவுகோலில், அந்த 60-இல் சராசரியாக மூன்று இடத்தில் 'குறிப்பிடத்தக்க வேறுபாடு' தானாக முளைக்கும் என்று எதிர்பார்க்கலாம். முன்கூட்டியே 'களைப்பைத்தான் பார்க்கப்போகிறோம், 12-ஆம் வாரத்தில்' என்று எழுதி வைக்காதவர், பிறகு அந்த மூன்றில் அழகானதைப் பொறுக்கி எடுத்துச் சுருக்கத்தில் போடலாம். போடவும் செய்கிறார்கள்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை உயிர் இருப்பது நான்காவதில், காலி விடைகளில். ஒரு சின்னக் கணக்கு. பத்து நோயாளிகள், உடல்நல மதிப்பெண் 100-க்கு: 80, 80, 70, 70, 60, 60, 40, 40, 30, 20. சராசரி 55. இரண்டு மாதம் கழித்து, கடைசி மூவர் ஃபாரம் நிரப்பும் நிலையில் இல்லை. மீதி ஏழு பேருக்கும் ஆளுக்கு 5 மதிப்பெண் குறைந்துவிட்டது. இப்போது அந்த ஏழு பேரின் சராசரி போடுங்கள்: 60.7. பத்துப் பேரில் ஒருவர்கூடத் தேறவில்லை, ஏழு பேர் மோசமானார்கள், மூன்று பேர் காணவே இல்லை. சராசரி மட்டும் 55-இலிருந்து ஏறிவிட்டது. வரைபடத்தில் கோடு மேலே போகும். கட்டுரையில் 'வாழ்க்கைத் தரம் மேம்பட்டது' என்று வரும். இதில் யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை.

ஃபாரம் ஏன் காலியாகிறது என்று மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது, வராந்தாவில் இருப்பவருக்குத்தான் தெரியும். மூணு மணி பஸ்ஸை விட்டால் ராத்திரிதான் வீடு என்று ஓடிவிட்டவர் உண்டு. ஜெராக்ஸ் தீர்ந்துபோய் நாங்களே கொடுக்காமல் விட்டது உண்டு. பேனாவைப் பிடிக்கத் தெம்பில்லாமல் கையை ஆட்டி வேண்டாம் என்றவர் உண்டு. ஐ.சி.யு.வில் இருந்தவர் உண்டு. முதல் இரண்டு காரணங்களும் கடைசி இரண்டும் ஒன்றில்லை. பஸ்ஸுக்கு ஓடியவரின் காலி இடம் அவர் உடம்பைப் பற்றி எதுவும் சொல்லாது. கையை ஆட்டியவரின் காலி இடம் ஒரு விடை. அதை அன்றைக்கே, காரணத்தோடு எழுதி வைத்தால்தான் இரண்டு வருஷம் கழித்துப் புள்ளியியல் நிபுணர் ஏதாவது செய்ய முடியும். எங்கள் ஃபாரத்தில் காரணத்துக்கு ஒரே ஒரு பெட்டி: 'செய்யப்படவில்லை'. நான்கு காரணமும் அந்த ஒரே பெட்டிக்குள் போய் விழுந்தன.

கூடவே ஒரு அபசுரத்தையும் சொல்லிவிடுகிறேன். நெறிகள் வந்ததால் எல்லாம் சரியாகிவிடவில்லை. 160 புற்றுநோய்ச் சோதனைகளை ஆராய்ந்து 2019-இல் ஒரு குழு எழுதியது: அவற்றில் 61 சோதனைகள் பி.ஆர்.ஓ. முடிவுகளை வெளியிடவே இல்லை. அந்த 61-இல் பங்கேற்றவர்கள் 49,568 பேர். இவ்வளவு பேரும் ஏதோ ஒரு வராந்தாவில் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த எண்ணை முதல்முறை வாசித்தபோது மருத்துவக் கட்டுரை வாசிக்கிற உணர்வு எனக்கு வரவில்லை. தபால் பெட்டிக்கு அடியில் ஓட்டை இருந்தது இத்தனை நாள் தெரியாமல் போனதுபோல இருந்தது.

ஒழுங்காகக் கேட்டு ஒழுங்காக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. மைலோஃபைப்ரோசிஸ் என்று எலும்பு மஜ்ஜை நார்பிடித்துப்போகும் நோய். மண்ணீரல் வீங்கி விலாவுக்குக் கீழே அழுத்தும், ராத்திரி வியர்த்துக் கொட்டும், உடம்பு அரிக்கும், இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும். ருக்ஸோலிடினிப் என்ற மருந்தின் கம்ஃபர்ட்-1 சோதனையில் 309 நோயாளிகள் கையடக்கக் கருவியில் ஒவ்வொரு ராத்திரியும் இந்தத் தொந்தரவுகளைப் பதிந்தார்கள். 24 வாரத்தில் மொத்தத் தொந்தரவு பாதியாகவோ அதற்கும் கீழேயோ குறைந்தவர்கள் மருந்துக் குழுவில் 45.9 சதவீதம், வெறும் மாத்திரைக் குழுவில் 5.3. எஃப்.டி.ஏ. 2011 நவம்பரில் அனுமதி கொடுத்தபோது இந்தத் தகவல் மருந்தின் அதிகாரபூர்வ விவரக்குறிப்பிலேயே இடம்பிடித்தது. 'எனக்கு இப்போது அரிப்பு குறைவு' என்று ஒருவர் படுக்கப்போகும் முன் பதிந்தது, மண்ணீரல் அளவோடு சேர்ந்து சான்றாக நின்றது.

எழுதிக் கொடுத்ததை ஆள் வைத்து வாசித்தால் என்ன ஆகும் என்றும் ஒருவர் பார்த்தார். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் ஈதன் பாஷ் குழு 766 பேரைச் சேர்த்தது. ஒரு பிரிவினர் தங்கள் தொந்தரவுகளைக் கணினியில் பதிவார்கள், மோசமானால் நர்ஸுக்கு மின்னஞ்சல் பறக்கும். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. 2017-இல் வந்த கணக்குப்படி, பதிந்தவர்களின் ஆயுள் இடைநிலை, அதாவது பாதிப் பேர் தாண்டிய அளவு, 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26. ஒரே மருத்துவமனை, அதிலும் ஆயுளைப் பார்ப்பது அந்த ஆய்வின் முதல் நோக்கமே இல்லை. ஆகவே இதைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். இருந்தாலும் அந்த வரைபடத்தைப் பார்த்த அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை.

மொழி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கேள்வித்தாள் நம்பத்தக்கதா என்று நெறி கேட்கிறதே, அது இங்கிலீஷில் நம்பத்தக்கதாக இருந்தால் போதாது. உலக சுகாதார நிறுவனம் தன் வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளை உருவாக்கியபோது தொடக்கத்திலேயே சென்னையும் ஒரு மையமாக இருந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பெரும்பாலும் நமக்கு வந்து சேர்வது மொழிபெயர்ப்புதான். முறை என்னவோ கண்டிப்பானது: இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கி, ஒப்பிட்டு ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத ஒருவர் திரும்ப இங்கிலீஷாக்கி, கடைசியில் நோயாளிகளிடம் உட்கார்ந்து 'இதை என்னவென்று புரிந்துகொண்டீர்கள்' என்று கேட்க வேண்டும். அப்படி ஒரு கேள்வித்தாள் வேலையில் நானும் இருந்தேன். மனநிலைப் பகுதியில் 'எரிச்சலாக இருந்ததா' என்று ஒரு கேள்வி. திரும்ப இங்கிலீஷுக்குப் போய் வந்தபோதுகூட யாருக்கும் உறுத்தவில்லை. முதல் அம்மாவிடம் கேட்டேன். "ஆமாம்மா, மூத்திரம் போறப்பவும் இருக்கு, வாய்லயும் இருக்கு" என்றார். அடுத்தவர் நெஞ்சைத் தடவிக் காட்டினார். மூன்றாவது ஆள் வந்த பிறகுதான் எங்கள் மண்டையில் உறைத்தது. 'சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வந்ததா' என்று மாற்றினோம். மாற்றாமல் விட்டிருந்தால் சிறுநீர்க் கடுப்பெல்லாம் மனநலத்தில் மதிப்பெண்ணாக ஏறியிருக்கும், அது யாருக்கும் தெரிந்தும் இருக்காது.

பெரியவருடைய ஆறாவது விசிட் நடக்கவில்லை. மகன் போன் பண்ணிச் சொன்னான். நான் ஃபாரத்தில் 'செய்யப்படவில்லை' பெட்டியில் டிக் போட்டு, ஓரத்தில், விதியில் இல்லாவிட்டாலும், காரணத்தையும் தேதியையும் எழுதினேன்.

கொஞ்ச நாளில் டேட்டா பிரிவிலிருந்து ஒரு க்வெரி, அதாவது விளக்கம் கேட்கும் குறிப்பு, வந்தது. என் குறிப்பைப் பற்றித்தான் இருக்கும் என்று திறந்தேன். இல்லை, அது மூன்றாவது விசிட்டைப் பற்றி. வலிக் கேள்விக்குப் பக்கத்தில் விடைக் கட்டங்களுக்கு வெளியே கையால் எழுதிய வரி காணப்படுகிறது, இது என்ன, விடையை மாற்றுமா, விளக்கவும் என்று கேட்டிருந்தார்கள். ஃபைலை எடுத்தேன். பேனா அழுத்தத்தில் மறுபக்கம் இன்னும் மேடு தட்டியது.

'விடை 4, மாற்றம் இல்லை. ஓரத்தில் இருப்பது நோயாளியின் கையெழுத்து. ராத்திரிதான் அதிகம் என்று சொல்கிறார்' என்று பதில் போட்டேன். மறுநாள் க்வெரியை மூடிவிட்டார்கள்.